தொண்ணூற்றைந்து கலங்கள்: ஆய் நாட்டுச் சாலைக் கல்வியின் வரலாறு

ஆய் மன்னர்கள் ஆண்ட தென்கோடி நாட்டில், அதாவது இன்றைய திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்பகுதியும் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியும் சேர்ந்த நிலப்பரப்பில், 9ஆம் நூற்றாண்டில் 'சாலை' என்ற பெயரில் உண்டுறை கல்வி நிலையங்கள் இயங்கின. சாலை என்பது இங்கே வழியைக் குறிக்காது; கோயிலைச் சார்ந்து, அரசன் விட்ட நிலத்தின் விளைச்சலில் குறித்த எண்ணிக்கையிலான மாணாக்கருக்குச் சோறும் உறைவிடமும் கல்வியும் தந்த அமைப்பையே அச்சொல் குறித்தது. அவற்றுள் பழம்பெயர் பெற்றது திருவனந்தபுரத்துக் காந்தளூர்ச்சாலை. ஆனால் அச்சாலையின் நடைமுறையைச் சொல்லும் நேரடி ஆவணம் எதுவும் அங்கே கிடைக்கவில்லை. அதைப் பார்த்து அமைக்கப்பட்ட மற்றொரு சாலையின் செப்பேட்டிலிருந்துதான் அதன் சாயலை உய்த்துணர வேண்டியிருக்கிறது. அந்த மற்றொரு சாலை, தேங்காய்ப்பட்டினத்திற்கு அருகே முஞ்சிறையை ஒட்டியுள்ள பார்த்திவசேகரபுரத்தில் இருந்தது. இன்று பார்த்திவபுரம் என்று வழங்கும் அவ்வூரில் திருமால் கோயில் இருக்கிறது, சாலை இல்லை.

செப்பேட்டின் பெயரே அது கண்டெடுக்கப்பட்ட விதத்தைச் சொல்லிவிடும். திருவிதாங்கூர் அரசின் தலைமை அலுவலகத்துக்கு ஹுசூர் கச்சேரி என்று பெயர். திருவனந்தபுரத்தில் அந்த அலுவலகத்தின் பாதுகாப்பில் இருந்ததால் இது ஹுசூர் அலுவலகச் செப்பேடு என்று அறியப்பட்டது. தொல்லியலாளர் து. அ. கோபிநாத ராவ், திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் இதைப் பதிப்பித்தார். மொழி தமிழ், எழுத்து வட்டெழுத்து, வடசொற்களுக்குக் கிரந்தம். காலத்தைக் குறிக்க ஆட்சியாண்டை மட்டும் நம்பாமல், கலியுகம் தொடங்கி 14,49,087 நாள் சென்றது என்று நாட்கணக்காகவே எழுதியிருப்பதால், கி.பி. 866ஆம் ஆண்டின் நடுப்பகுதி என்று ஐயமின்றிக் கணக்கிட முடிகிறது. தென்னாட்டு ஆவணங்களில் நூற்றாண்டை நிர்ணயிப்பதற்கே அறிஞர்கள் மல்லுக்கட்டும் நிலையில், ஒரு கல்வி நிலையத்தின் தொடக்கத்தை நாளோடு அறிய முடிவது அரிய வாய்ப்பு.

கொடையாளி, ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன். முஞ்சிறைச் சபையார்க்கு, அதாவது அவ்வூர்ப் பிராமண நிலவுடைமையாளர் அவைக்கு, உரிய நிலமொன்றை அவன் பறித்துக்கொள்ளவில்லை. மாற்று நிலம் கொடுத்துப் பெற்று, அதில் திருமாலுக்குக் கோயில் எடுத்து, ஊருக்குப் பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டு, கோயிலோடு சேர்த்துச் சாலையையும் நிறுவினான். அச்சாலை 'காந்தளூர் மரியாதை'ப்படி நடக்க வேண்டும் என்று செப்பேடு விதிக்கிறது. மரியாதை என்பது இங்கே வழக்கு, நெறிமுறை என்னும் பொருளது. ஒரு புதிய நிறுவனத்துக்கு விதிகளையெல்லாம் முதலிலிருந்து எழுதாமல், பழைய நிறுவனமொன்றின் பெயரைச் சொல்லி அதன்படி என்று முடித்துவிட்டார்கள் என்றால், அந்தப் பழைய நிறுவனம் 866ஆம் ஆண்டுக்குச் சில தலைமுறைகளுக்கு முன்பே நிலைபெற்றிருக்க வேண்டும். அதன் நடைமுறை நாடறிந்ததாகவும் இருந்திருக்க வேண்டும். காந்தளூர்ச்சாலையின் பழமைக்கு இதைவிட உறுதியான சான்று இல்லை.

சாலையில் இடம் பெற்றவர்களைச் செப்பேடு 'சட்டர்' என்கிறது. மாணாக்கரைக் குறிக்கும் வடமொழிச் 'சாத்திரர்' என்பதன் திரிபாக அறிஞர் பலர் இதைக் கொள்கிறார்கள். சட்டர் 95 பேர். இந்த 95 இடங்களும் வேத மரபு வாரியாகப் பங்கிடப்பட்டிருந்தன: இருக்கு வேதத்தைச் சார்ந்த பவிழிய சரணத்தார்க்கு 45, யசுர் வேதத்தின் தைத்திரிய சரணத்தார்க்கு 36, சாம வேதத்தின் தலவகார சரணத்தார்க்கு 14. சரணம் என்பது ஒரே வேதப் பாடத்தைப் பரம்பரையாக ஓதிவரும் குழு. இடத்தைக் குறிக்கச் செப்பேடு கையாளும் சொல் 'கலம்'. உண்ணும் கலம் ஒன்றிருந்தால் அதற்குரியவர் ஒருவர். ஆகவே கலம் என்பது சோற்றுக்கான உரிமையையும், அதன் வழியே நிறுவனத்தில் ஒருவருக்குள்ள இடத்தையும் குறித்தது. இக்காலக் கல்லூரிகளில் உதவித்தொகையோடு கூடிய இடங்கள் என்று சொல்லப்படுவதற்கு இது மிக நெருக்கமானது. எத்தனை பேர் வந்தாலும் சோறு போடும் அன்னசத்திரமாக இல்லாமல், எண்ணி வகுத்த இடங்களும், அந்த இடங்களைத் தாங்குவதற்கென்றே ஒதுக்கிய நிலமும் கொண்ட அமைப்பாக இது இருந்தது.

யாருக்கு அந்த இடம் என்பதில்தான் இச்சாலையின் தனித்தன்மை இருக்கிறது. வேதம் ஓதியிருப்பது மட்டும் போதுமானதாகக் கருதப்படவில்லை. வியாகரணம் என்னும் இலக்கணத்திலும், பௌரோகித்யம் என்னும் சடங்கு நடத்தும் தொழிலிலும் பயிற்சி வேண்டப்பட்டது; அவற்றோடு 'திரைராஜ்ய வியவகாரம்' என்னும் மூவரசு நடவடிக்கைகளுக்கு வேண்டிய அறிவும் வேண்டப்பட்டது. மூவரசு என்பது சேர, சோழ, பாண்டிய நாடுகள். வியவகாரம் என்ற சொல் வழக்குத் தீர்ப்பு, ஆவணம் எழுதுதல், கொடுக்கல் வாங்கல், அரசு அலுவல் ஆகிய எல்லாவற்றையும் உள்ளடக்கும். மூன்று நாடுகளின் நிர்வாக வழக்கங்களையும் அறிந்தவன் எந்த அரசனுடைய அலுவலகத்திலும் அமர்ந்து வேலை செய்யக்கூடியவன். பலரும் கவனியாமல் கடந்துவிடும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும்: செப்பேடு இவற்றைப் பாடத்திட்டமாக அடுக்கவில்லை, சேர்க்கைக்கு வேண்டிய தகுதியாகவே சொல்கிறது. எனவே பார்த்திவசேகரபுரத்துச் சாலை அரிச்சுவடியிலிருந்து தொடங்கும் பள்ளியாக இருந்திருக்க வாய்ப்பில்லை. ஓரளவு கற்றுத் தேர்ந்த இளைஞரை ஓரிடத்தில் தங்கவைத்து, வேலைக்கு ஏற்றவராக்கும் மேல்நிலையாக அதைக் கருதுவதே பொருந்தும்.

அத்தகைய ஆட்களின் தேவை ஆய் நாட்டுக்கு ஏன் இருந்தது என்பதை அந்நாட்டின் நில அமைப்பும் அரசியலும் விளக்கும். விழிஞம் துறைமுகத்தை முதன்மைத் தளமாகக் கொண்ட ஆய் நாடு, வடக்கே சேரருக்கும் கிழக்கே பாண்டியருக்கும் இடையில் ஒடுங்கிக் கிடந்த சிறு நாடு. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் விழிஞத்தைத் தாக்கியதை அவனுடைய செப்பேடு பெருமையாகப் பேசுகிறது. இரு பெரிய அரசுகளுக்கு நடுவே பிழைக்க வேண்டிய சிற்றரசனுக்குப் படையைப் போலவே, அண்டை நாட்டுச் சபையின் தீர்மானத்தைப் படித்துப் பொருள் சொல்லவும், கொடை ஆவணத்தைப் பிசகில்லாமல் வரையவும், தூது போய் வரவும் ஆட்கள் வேண்டும். கருநந்தடக்கனின் கொடையைப் புண்ணியக் கணக்கில் மட்டும் வரவு வைத்தால் திரைராஜ்ய வியவகாரம் என்ற தொடருக்கு வேலையே இல்லாமல் போய்விடும். முடிந்தவரை குறைந்த செலவில், கோயில் நிலத்தின் வருவாயைக் கொண்டு, நாட்டுக்கு வேண்டிய எழுத்தரையும் வழக்கறிந்தோரையும் உருவாக்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. வேதமும் அலுவலும் அக்காலத்தில் எதிரெதிரானவை ஆகா. ஆவணம் எழுதத் தெரிந்தவன் பெரும்பாலும் வேதம் ஓதிய குடும்பத்தவனாகவே இருந்தான்.

செப்பேட்டில் மிகவும் உயிரோட்டமாக இருப்பது ஒழுங்கு விதிகள் வரும் பகுதி. சட்டர் ஒருவர் மற்றொரு சட்டரை வசை சொன்னால் தண்டம் செலுத்த வேண்டும். அடித்தாலும் ஆயுதத்தால் காயப்படுத்தினாலும் தண்டனை கூடும். சோற்றை நிறுத்திவைப்பதும் தண்டனைகளில் ஒன்று. உண்கலமே ஒருவருடைய இடத்தின் அடையாளமாக இருந்த நிறுவனத்தில் கலத்தை எடுத்துவிடுவது எவ்வளவு கடுமையானது என்பதை விளக்க வேண்டியதில்லை. சாலையார் கூடும் கூட்டத்துக்கு ஆயுதத்தோடு வரக்கூடாது. மடத்தில், அதாவது சட்டர் உறையும் இல்லத்தில், வெள்ளாட்டிகள் எனப்பட்ட பணிப்பெண்களை வைத்துக்கொள்ளக்கூடாது. ஒரு குற்றத்தைத் தடைசெய்ய விதி எழுதப்படுகிறது என்றால் அக்குற்றம் எங்கோ நடந்திருக்கிறது என்று கொள்வது வரலாற்றாய்வில் பழகிய முறை. அந்த முறைப்படி பார்த்தால், சட்டர்கள் ஓலைச்சுவடியும் கையுமாகத் தலைகுனிந்து நடந்த சாதுக்களாகத் தோன்றவில்லை. கூட்டத்துக்கு ஆயுதம் கொண்டுவராதே என்று சொல்ல வேண்டியிருந்தது; மற்ற நேரங்களில் ஆயுதம் வைத்திருப்பதற்குத் தடை சொல்லப்படவில்லை.

இந்த இடத்தில் வடநாட்டு நூல் ஒன்று துணைக்கு வருகிறது. இராசத்தானத்துச் சாலோரில் உத்தியோதன சூரி என்னும் சமணத் துறவி 779ஆம் ஆண்டில் பிராகிருதத்தில் எழுதி முடித்த குவலயமாலை என்ற கதைநூலில், தென்கடலை அடுத்த விசயபுரி நகரத்தில் ஒரு மடம் வருணிக்கப்படுகிறது. பல தேசங்களிலிருந்து வந்த 'சட்ட'ர்கள் அங்கே தங்கியிருக்கிறார்கள். ஒரு பக்கம் இலக்கணமும் தருக்கமும் பல்வேறு சமயத் தத்துவங்களும் விளக்கப்படுகின்றன, மறுபக்கம் வில்லும் வாளும் மற்போரும் பயிலப்படுகின்றன. கேரள வரலாற்றாசிரியர் எம்.ஜி.எஸ். நாராயணன் இவ்வருணனையையும் பார்த்திவசேகரபுரச் செப்பேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்து, சாலைகள் பிராமண இளைஞருக்குச் சாத்திரமும் ஆயுதமும் சேர்த்துக் கற்பித்த, பாதி படைத்தன்மை கொண்ட நிறுவனங்கள் என்ற முடிவுக்கு வந்தார். கதைநூலின் விசயபுரி எது என்பது தனி வழக்கு. அதைக் காந்தளூராகவே காட்ட முயல்வது அவசரம். ஆயினும் சட்டர் என்ற பெயர், மடம், கல்வி, ஆயுதம் ஆகிய நான்கும் இரு இடங்களிலும் ஒன்றாக வருவதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

காந்தளூர் எங்கே என்ற கேள்விக்குப் பெரும்பாலானோர் காட்டும் இடம் திருவனந்தபுரம் நகரில் கிள்ளியாற்றை அடுத்த வலியசாலை. அங்குள்ள மகாதேவர் கோயில் இன்றும் காந்தளூர்க் கோயில் என்றே வழங்குகிறது. விழிஞத்தை ஒட்டிய கடற்கரையில் தேடுவோரும் உண்டு. அவர்களுடைய வாதம் பெரிதும் சோழர் கல்வெட்டொன்றின் பொருளைச் சார்ந்து நிற்பது. வலியசாலைக்கு அருகிலுள்ள சாலைக் கடைத்தெரு, தமிழ் வாசகர்களுக்கு ஆ. மாதவனின் கதைகள் வழியாக நெருக்கமான இடம். அந்தத் தெருவின் சுமைதூக்கிகளும் சில்லறை வியாபாரிகளும் புழங்கிய பெயரில் ஒரு பழங்கல்விக்கூடத்தின் எச்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைப்பது கவர்ச்சியானது. எனினும் கடைத்தெரு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் உருவானது, இடையில் பல நூற்றாண்டு இடைவெளி கிடக்கிறது. அண்மைக் காலத்தில் காந்தளூர்ச்சாலையைத் தென்னாட்டு நாளந்தா என்றும், 64 கலைகளும் அங்கே கற்பிக்கப்பட்டன என்றும் எழுதுவது வழக்கமாகிவிட்டது. செப்பேடு அவ்வளவு தாராளமாகப் பேசவில்லை. 95 பேர் கொண்ட ஒரு நிறுவனத்தை ஆயிரக்கணக்கான துறவியர் வாழ்ந்த நாளந்தாவோடு ஒப்பிடுவதால் சாலைக்குப் பெருமை கூடாது. அதன் உண்மையான சிறப்பு, அதாவது சிறிய அளவும் தெளிவான நோக்கமும், அந்த ஒப்பீட்டில் மறைந்துபோகிறது.

சோழர் கல்வெட்டு என்று மேலே குறித்தது முதலாம் இராசராசனுடைய மெய்க்கீர்த்தித் தொடரை. 985இல் முடிசூடிய அவனுடைய 4ஆம் ஆட்சியாண்டு முதல், காந்தளூர்ச்சாலையில் 'கலமறுத்த' செயல் அவனுடைய முதற்பெருமையாக எழுதப்பட்டது. கலம் என்பதை மரக்கலமாகக் கொண்டு, சேரரின் கப்பற்படை அழிக்கப்பட்டது என்று நீலகண்ட சாஸ்திரி முதலியோர் பொருள் கண்டனர். கல்விச்சாலையில் கப்பலுக்கு என்ன வேலை என்ற ஐயம் தமிழறிஞர்களை விடாமல் துரத்தியது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இப்பொருளை ஆராய்ந்து தனி நூலே எழுதினார். பார்த்திவசேகரபுரச் செப்பேடு கலம் என்ற சொல்லைச் சட்டரின் இடத்துக்குப் பயன்படுத்துவதால், இராசராசன் அறுத்தது அந்த இடங்களை, அல்லது அவற்றின் எண்ணிக்கையையும் உரிமையையும் தன் ஆணைக்குள் கொண்டுவந்தான் என்ற விளக்கம் வலுப்பெற்றது. சாலை வெறும் ஓதுமிடமாக இருந்திருந்தால் ஒரு பேரரசன் அதை அடக்கியதைத் தன் முதல் வெற்றியாகச் சொல்லிக்கொள்ள மாட்டான். எதிரிக்கு அலுவலரையும் ஆயுதம் அறிந்தவரையும் தந்துகொண்டிருந்த நிறுவனமாக இருந்தால் சொல்லுவான். இவ்விளக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. முதலாம் இராசாதிராசனும் முதலாம் குலோத்துங்கனும் அதே சாலையில் அதே செயலைச் செய்ததாகக் கூறிக்கொள்கிறார்கள். ஒருமுறை அறுக்கப்பட்டது மீண்டும் மீண்டும் தழைத்தது என்றாவது, முன்னோன் பெற்ற பட்டத்தை வழித்தோன்றல்களும் சூடிக்கொண்டார்கள் என்றாவது கொள்ள வேண்டும். இராசராசனின் 8ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று நாஞ்சில் நாட்டுத் தரிசனங்கோப்பில் இருப்பதால், அந்தப் பக்கம் சோழராட்சி அதற்குள் கால் ஊன்றிவிட்டது என்பது மட்டும் தெளிவு.

சோழர் கல்விக்குப் பகைவர் என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்ட முடியாது. இராசராசனின் மகன் முதலாம் இராசேந்திரன் காலத்தில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் நடந்த கல்லூரி, சாலையைப் போல மூன்றரை மடங்கு பெரியது: 14 ஆசிரியர்கள், 340 மாணாக்கர்கள். அவர்களில் 270 பேர் இளநிலையினர், 70 பேர் மேல்நிலையினர்; மேல்நிலையில் 25 பேர் வியாகரணமும், 35 பேர் பிராபாகர மீமாம்சை என்னும் வேதச் சடங்கு விளக்கத் தத்துவமும், 10 பேர் வேதாந்தமும் பயின்றார்கள். இளநிலை மாணாக்கனுக்கு நாளொன்றுக்கு 6 நாழி நெல், மேல்நிலை மாணாக்கனுக்கு ஒரு குறுணி இரண்டு நாழி. புதுச்சேரிக்கு அருகே திரிபுவனியில் 260 மாணாக்கரும் 12 ஆசிரியரும் இருந்தனர். அவர்களுக்கு ஊர் வாரியப் பணிகளிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. இந்தப் பட்டியல்களைப் பார்த்திவசேகரபுரத்தோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாடு புலப்படும். சோழநாட்டு ஆவணங்கள் யார் எதைப் படிக்கிறார் என்பதை நுணுக்கமாகக் கணக்கிடுகின்றன, படித்தபின் என்ன ஆவார் என்பதைச் சொல்வதில்லை. ஆய் நாட்டு ஆவணமோ பாடத்தைப் பற்றிச் சிக்கனமாகவே பேசுகிறது. பயன்படும் இடத்தைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. கல்வியைத் தொழிலோடு வெளிப்படையாக இணைத்த தென்னாட்டு ஆவணங்களில் இது மிகப் பழையவற்றுள் ஒன்று.

அந்தத் தொழில் வாசல் யாருக்குத் திறந்திருந்தது என்பதையும் 45, 36, 14 என்ற பங்கீடே சொல்லிவிடுகிறது. மூன்று வேத மரபுகளைச் சார்ந்த பிராமண ஆண்களுக்கு அப்பால் ஒரு கலம்கூட ஒதுக்கப்படவில்லை. சாலையின் நிலத்தை உழுதவர்களும், கோயிலைக் கட்டிய தச்சரும், செப்பேட்டை வெட்டிய கைவினைஞரும் தத்தம் தொழிலைத் தந்தையிடமோ மாமனிடமோ கற்றார்கள். அக்கல்விக்கு நிலக்கொடை இல்லை, ஆகவே ஆவணமும் இல்லை. அதே ஆய் நாட்டில், குழித்துறைக்கு அருகேயுள்ள சிதறால் மலையில் சமணர் பள்ளி இருந்தது. கருநந்தடக்கனுக்குப் பின் வந்த விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று அங்கே ஒரு குரத்தி, அதாவது சமணப் பெண் ஆசான், அளித்த பொன் கொடையைப் பதிவு செய்கிறது. பெண்ணை மடத்தின் ஒழுங்குக்கு இடையூறாக மட்டுமே குறிப்பிட்ட சாலைச் செப்பேட்டையும், பெண்ணை ஆசானாகப் பெயர் சொல்லிப் பதிந்த மலைக் கல்வெட்டையும் ஒரு நாள் நடைத் தொலைவுக்குள், ஒரே தலைமுறை இடைவெளியில் காணலாம். இரண்டு இடங்களையும் ஆண்டது ஒரே அரசகுலம்.

சாலைகள் எப்போது மூடப்பட்டன என்று ஓர் ஆண்டைச் சுட்ட முடியாது. அவை சிறுகச் சிறுகத் தேய்ந்திருக்கின்றன. 12ஆம் நூற்றாண்டில் சேரப் பேரரசு குலைந்து நாடு பல சிற்றரசுகளாகப் பிரிந்தபோது, மூவரசு நடவடிக்கை என்ற சொற்றொடருக்கு உரிய உலகமே மறைந்துவிட்டது. மணிப்பிரவாளம் என்னும் மலையாள-வடமொழிக் கலப்பு நடையில் பின்னர் எழுந்த காவியங்களில் சாத்திரர்கள் தலைகாட்டுகிறார்கள். கணிகையர் வீட்டு முற்றத்தில் வீண்பெருமை பேசித் திரியும் கூட்டமாக அங்கே அவர்கள் கேலிக்கு உள்ளாகிறார்கள். நம்பூதிரிகளின் சங்கக்களி என்னும் ஆட்டத்திலும் இம்மரபின் எச்சம் உண்டு என்பர் ஆய்வாளர். சாத்திரக்களி என்றும் வழங்கும் அதில், விளக்கைச் சுற்றி நின்று நாலுபாதம் என்னும் துதி பாடுவதும், கைமள் என்னும் போர்வீரன் வேடம் வந்து சிரிக்க வைப்பதும், ஆயுதப் பயிற்சி காட்டுவதும், விருந்துண்பதும் அடுத்தடுத்து வரும்.

கல்வி போன பிறகும் சோறு நின்றது. திருவிதாங்கூர் மன்னர்கள் ஊட்டுப்புரைகள் என்னும் உணவு இல்லங்களை நாடெங்கும் அரசுச் செலவில் நடத்தினார்கள்; வழிப்போக்கரான பிராமணர் அங்கே உண்டார்கள், அவர்கள் எதையும் கற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அரசு அலுவலுக்கு ஆள் தயாரிக்கும் கல்வி திருவனந்தபுரத்துக்கு மீண்டும் வந்தது வேறொரு மொழியில். சுவாதித் திருநாள் ஆட்சியில் 1834இல் ஜான் ராபர்ட்ஸ் என்பவர் தொடங்கிய ஆங்கிலப் பள்ளி 1836இல் அரசரின் இலவசப் பள்ளியாக மாறியது. 1866இல் அது கல்லூரியாக உயர்ந்தது. அங்கே சம்பளமின்றிப் பாடம் சொல்லப்பட்ட ஆண்டுகளில், நகரின் ஊட்டுப்புரைகளில் இலை போடுவது தனியாக நடந்துகொண்டிருந்தது.